எட்டாவது பதார்த்தம்

அனுப்புநர்: ரிம்மா நோகாய்,
மொழிபெயர்ப்பாளர், மூன்றாம் நிலை,
வெளியுறவு அமைச்சகம், அல்மாட்டி.

பெறுநர்: இரண்டாம் செயலர்,
தென்கொரியத் தூதரகம், அதே ஊர்.

பொருள்: கேரட்.
பார்வை: தங்கள் தொலைநகல், நேற்று மாலை.
தாள் தீரப்போகும் சிவப்புக் கோடு
அதன் ஓரத்தில் ஓடியது.

ஐயா,
"இது எங்கள் நாட்டு உணவு அல்ல.
அமைச்சர் குழம்புவார். நீக்கிவிடவும்."
மூன்றே வாக்கியம். நன்றாக எழுதுகிறீர்கள்.

பட்டியலில் அது எட்டாவது,
குதிரை இறைச்சிக்குப் பின், பழத்துக்கு முன்.
பச்சைச் சந்தையில் எங்கள் பெண்கள்
வெள்ளை மேலங்கி மாட்டி வரிசையாக நின்று விற்கிறார்கள்.
ரஷ்யரும் உய்குரும் கசாக்குகளும்
"கொரியன் கொடு, அரைக் கிலோ" என்று கேட்கிறார்கள்.
உங்கள் பெயர்தான், ஐயா.
எடை போட்டுத் தருகிறோம்.

முப்பத்தேழில், கிழக்குக் கடலோரத்திலிருந்து
சரக்கு ரயில் எங்களை உஷ்தோபேயில் கொட்டியபோது
(ஏறியவர் எண்ணிக்கை கோப்பில் உள்ளது,
வழியில் குறைந்தது இல்லை)
நாணல் இருந்தது, உப்பு மண் இருந்தது.
ஊறப்போடக் கோஸ் இல்லை.
பிறகு எப்படியோ கேரட் கிடைத்தது.
கோஸின் நாற்காலியில் அதை உட்காரவைத்தோம்,
உங்கள் வழக்கில் சொன்னால்
தற்காலிகப் பொறுப்புத் தூதராக.
பூண்டும் மிளகாயும் நற்சான்றுப் பத்திரம்.
ஐம்பத்தாறு ஆண்டுகள்.
யாரும் திரும்ப அழைக்கவில்லை.

பிரிவுத் தலைவர் ஒறஸ்பெக்கிடம் கேட்டேன்,
நம் நாட்டுப் பதார்த்தமாகச் சேர்த்துவிடலாமா என்று.
நல்ல மனிதர். தினமும் மதியம்
என் டப்பாவில் பாதி அவருக்குத்தான்.
வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:
"ரிம்மா, அது உங்கள் நாட்டு உணவாயிற்றே."
நான் பிறந்தது
அவர் அலுவலகத்துக்கு நான்கு தெரு தள்ளி.

உங்கள் முன்குழு வந்த அன்று
விமான நிலையத்தில் நான் சொன்ன வணக்கத்துக்கு
ஓர் இளைஞர் வாய்விட்டுச் சிரித்தார்.
கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன்.
செல்லாத நோட்டை மாற்ற வந்தவளைப் பார்த்து
வங்கிக்காரர் சிரிப்பாரே, அப்படி.
"இந்தப் பேச்சை எங்கே வைத்திருந்தீர்கள்?" என்றார்.
வீட்டில், ஐயா. வேறெங்கே வைப்பது?
அதன்பின் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே பேசினேன்.

கூட்டறிக்கையின் நான்காம் பத்தியைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.
ஒரு வார்த்தைக்காக இரண்டு இரவு விளக்கெரிந்தது.
இங்குள்ள பிரதியில்: "எங்கள் குடிமக்கள்."
உங்கள் பிரதியில்: "எங்கள் ரத்தம்."
கடைசியில் இரு தரப்பும் இறங்கிவந்து
"இரு நாடுகளின் இணைப்பு" என்று முடித்தார்கள்,
கைகுலுக்கினார்கள், தேநீர் கேட்டார்கள்.
இருபது வருட அலுவலகத்தில்
இணைப்பு என்றால் எனக்குத் தெரிந்தது
கடிதத்தின் அடியில் குண்டூசியில் தொங்குவது.

நீக்கிவிட்டேன். எட்டாவது இப்போது பழம்.

வெள்ளிக்கிழமை இரண்டு அமைச்சர்களுக்கும் நடுவே
ஓரடி பின்னால், சாய்மானமில்லாத நாற்காலி எனக்கு.
தட்டு கிடையாது.
ஆகவே ஆறு மணிக்கே
மேலங்கிகள் தொங்கும் அறையில் நின்றபடி
ரொட்டியைத் தின்று முடித்திருப்பேன்.
ரொட்டிக்கு நடுவில் என்ன என்பது
தங்கள் தொலைநகலின் வரம்புக்குள் வராது.
உங்கள் அமைச்சரின் காதோரம் குனிந்து
"நட்புறவு" என்று நான் சொல்லும்போது
பூண்டு வாசம் வரும்.
அவர் குழம்ப மாட்டார்.
ஒருவேளை
திரும்பிப் பார்ப்பார்.

இங்ஙனம்,
ரி. நோகாய்

நகல்: கோப்புக்கு.
இணைப்பு: ஒரு சீசா. மூடி இறுகியிருக்கும்,
வெந்நீரில் காட்டித் திறக்கவும்.