நாலு அங்குலம் பின்னால்

ஜெலுத்தோங் பட்டறையில்
சங்கிலிக் கப்பி கறகறவென்று சுற்ற
ஐம்பத்தெட்டாம் வருட மோரிஸ் மைனரின் வயிற்றிலிருந்து
இன்ஜின் வெளியே வந்தது.
அட்டை விரித்துக் கிடத்தினோம்.
இவ்வளவுதானா என்றான் ரொஸ்லி.
இதுவா அத்தனை வருஷம்
ஆயர் ஈத்தாம் மேட்டில் ஏறியது?

எதிரில்,
ஜப்பானில் எங்கோ பாதியாய் வெட்டிக்
கப்பலில் ஏற்றிய மாஸ்டா ஸ்போர்ட்ஸ் கார்.
கண்ணாடி வரைக்கும் கார், அதன்பின் காற்று.
டாஷ்போர்டு இடுக்கில் யாருடையதோ
ஒரு பார்க்கிங் சீட்டு.
இன்ஜினும் கியர்பாக்ஸும் பிரிக்காமல் வேண்டும் என்றேன்.
நாலாயிரத்து எண்ணூறு ரிங்கிட்.
வீட்டில் மூவாயிரம் என்று சொல்லியிருக்கிறேன்.

கூடு விட்டுக் கூடு பாய்ந்த சித்தர்களுக்கு
மவுண்டிங் பிரச்சினை வந்ததாகத் தெரியவில்லை.
எங்களுக்கு வந்தது.
ஆயில் சம்ப் குறுக்குச் சட்டத்தில் இடித்தது.
கியர்பாக்ஸ் தரைக்கு அடியில் நுழைய மறுத்தது.
ரொஸ்லி சாக்பீஸால் தரையில் கோடு போட்டு
என்னைப் பார்த்தான்.
நான் தெருவைப் பார்த்தேன்.
அவன் கிரைண்டரை எடுத்தான்.

இந்த வேகத்துக்கு அந்த பிரேக் போதாது.
புது பிரேக் அந்தச் சக்கரத்துக்குள் அடங்காது.
பின் அச்சு முதல் நாளே பல் உதிர்க்கும் என்றார் சூன் ஹெங்,
வேறொன்றை ஏற்கெனவே வண்டியில் ஏற்றிவந்துவிட்டு.
கோவணத்துக்குப் பூனை வளர்த்தவன் கதைதான்.
ஏழு மாதம்.

விடியுமுன் கடலோர நெடுஞ்சாலையில் மிதித்தேன்.
எண்பது மைலோடு எண்கள் தீர்ந்துபோன பழைய மானியில்
ஊசி போய் முட்டிக்கொண்டு நடுங்கியது.
பாலிக் புலாவ் ஏற்றத்தில்
டுரியான் கடைகள் தார்ப்பாய் போர்த்தித் தூங்கின.
வளைவில் இடது கை கியருக்குப் போனது.
அங்கே ஒன்றுமில்லை.
தண்டு இப்போது நாலு அங்குலம் பின்னால்.
முதல் வளைவில் மட்டுமில்லை,
பதினோராவதிலும்.

பழைய இன்ஜினை
புக்கிட் மெர்தாஜாம் ஞானாதிக்கம் வாங்கிப் போனார்.
அவரிடமும் இதே மைனர்,
இன்ஜின் இறுகி மூன்று வருஷமாம்.
"ஒரு ஆணி மாத்தல, எல்லாம் அசல்" என்றார்
என் பானட்டைப் பார்க்காமல்.
அறுநூறு கொடுத்தார்.
பேரம் பேசவில்லை இருவரும்.

பரிசோதனை நிலையத்தில்
அதிகாரி டார்ச் அடித்து எண்ணைப் படித்தார்.
பழையது எங்கே என்றார்.
ஓடுகிறது என்றேன்.
என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு
முத்திரை குத்தினார்.

நேற்று மெக்காலிஸ்டர் சாலை நெரிசலில் போன் வந்தது.
"கேளுங்க."
அவ்வளவுதான். பிறகு அவர் குரல் இல்லை,
அதன் குரல்.
வேறொரு வீட்டு வாசலில்
தொண்டையைச் செருமிக்கொண்டு
சீராகிக்கொண்டிருந்தது.

"ரெண்டாவது டாப்பெட் தட்டுதே, இறுக்கணுமா?"
"வேணாம்.
அது அப்படித்தான் பேசும்."

விளக்கு பச்சையானது.
பின்னால் ஹாரன்.
கை முன்னால் போய்,
திரும்பி வந்தது.