கட்டம்

கீலுங் துறைமுகத்தில் மழை விட்டதென்று
சொன்னால் யாரும் நம்புவதில்லை.
குடையை மடக்கி உள்ளே வருகிறவர்கள்
முதலில் அண்ணாந்து பலகையைப் பார்ப்பார்கள்.
பச்சை எழுத்தில் பெயர்கள் வரும், போகும்:
ஜியென் மெய்-யூ.
லியென் குவோ-தோங்.
யென் போ, அப்புறம் ஒரு கட்டம்.

வெறும் கட்டம்.
நான்கு கோடு, உள்ளே ஒன்றுமில்லை.
எங்கள் தொழிலில் அதற்குத் தோஃபு என்று பேர்.
பொரித்துத் தின்னவும் முடியாது.

கப்பல் பட்டறையில் பற்றவைப்பவர் அவர்.
பிறந்த வாரம் ஜாதகம் கணித்தவன்
பன்னிரண்டு கட்டமும் போட்டுப் பார்த்து
பையனுக்கு நெருப்பு போதாது என்றானாம்.
அப்பா அகராதியின் கடைசிப் பக்கங்களில் துழாவி
மூன்று நெருப்பு அடுக்கி
பக்கத்தில் ஒரு கோடரி சாத்தி
பதினாறு கோட்டில் ஓர் எழுத்தைப் பிடித்து வந்தார்.
ஷின் என்று படிக்க வேண்டும்.
படித்தவர்கள் குறைவு.

முப்பது வருடமாய் நெருப்போடுதான் பிழைப்பு.
அந்த மட்டுக்கும் எழுத்து வேலை செய்திருக்கிறது.
கணினியில்தான்
அவருக்குக் கட்டம் சரியில்லை.

வங்கியில் கேள்விக்குறி
(எழுத்து நான்கு பைட் கேட்கும், அவர்கள் மூன்றுதான் தருவார்கள்).
ரயில் சீட்டில் நட்சத்திரம்.
வரி அலுவலகத்தில் ஓசை ஒத்த வேறோர் எழுத்து,
அதற்குப் பொருள் காரம்.
மாற்றிக்கொண்டால் என்ன என்று கேட்டாள்
பதிவு மேசையில் பெங் யா-ச்சிங்.
எதை, என்றார்.

அன்று இரவுப் பணி எனக்கு.
மருத்துவமனைக்குக் காசில்லை, எல்லாம் இலவச லினக்ஸ்.
திறந்து பார்த்தேன்: நான்கு பைட்டும் பத்திரமாக இருந்தன.
ஒருங்குறியின் இரண்டாம் தளத்தில்
யாரோ எப்போதோ இடமும் ஒதுக்கியிருந்தார்கள்.
கதவிலக்கம் இருக்கிறது,
வீடுதான் கட்டவில்லை.

எழுத்துரு செய்கிறவர்களுக்கு ஒரு வழு எழுதிப் போட்டேன்.
பதினோராம் நாள் சப்போரோவிலிருந்து
ஹொன்மா என்கிற பெண் பதில் போட்டாள்:
வரைந்துவிட்டேன். ஒரு சந்தேகம்.
மேல் நெருப்பின் கடைசிக் கோட்டை
உங்கள் ஊரில் இழுத்து விடுவீர்களா,
புள்ளியாய் நிறுத்திவிடுவீர்களா?

எனக்குத் தெரியவில்லை.
பட்டறைக்கு ஃபோன் செய்தேன்.
பின்னால் ஏதோ இரும்பு அலறிக்கொண்டிருந்தது.
சாயங்காலம் ஒரு படம் வந்தது:
கப்பல் தகட்டில், சாக்குக்கட்டியால்,
ஆள் உயரத்துக்கு அவருடைய எழுத்து.
இழுத்துத்தான் விட்டிருந்தார்.

அடுத்த மாதம் ரத்த அழுத்தம் பார்க்க வந்தார்.
பலகையில் பெயர் முழுதாக வந்தது.
உட்கார்ந்தே இருந்தார்.
பெங் மறுபடி பொத்தானை அழுத்தினாள்.
வந்தது. இருந்தது. போனது.
அடுத்த ஆள் உள்ளே போய்க் கதவும் சாத்தியாயிற்று.

நான் போய்த் தோளைத் தொட்டேன்.
கட்டம் இன்னும் வரவில்லையே, என்றார்.

திரும்ப ஓடவிட்டுக் காட்டினேன்.
தொப்பியைக் கழற்றிக்கொண்டு
கூடத்தின் நடுவில் நின்று பார்த்தார்.
தூரத்துப் பார்வைக்கு மூன்று நெருப்பும் ஒட்டிப்போய்க்
கரித்துண்டு மாதிரிதான் தெரிந்தது.
கோடரி நன்றாக வந்திருக்கிறது, என்றார்.

முறை தவறியதால்
மறுபடி வரிசைச் சீட்டு எடுக்கப் போனார்.
சீட்டு அச்சடிக்கும் இயந்திரத்தில்
நான் இன்னும் கை வைக்கவில்லை.