நீர்மட்டம், காலை ஆறு மணி

குளத்தில் நான் அடிக்கணக்கு வாசிப்பவள்.
பாசி பிடித்த அளவுகோலை நகத்தால் சுரண்டி
இலக்கத்தைக் கண்டுபிடித்து எழுதுவேன்.
இங்கே, கிளிநொச்சி ஆஸ்பத்திரி வாட்டில்,
தர்மினி மிஸ்ஸி என் தொப்புளைச் சுற்றித்
தையல் நாடாவை இழுக்கிறாள்.
தொண்ணூற்றாறு.
நேற்றுத் தொண்ணூற்றிரண்டு.
கைப்பழக்கம், நானும் குறித்து வைக்கிறேன்
மருந்துச் சிட்டையின் முதுகில்.

அந்த ஊசியை
ஐஸ் பிளாஸ்கில் வைத்து
யாழ்ப்பாணத்திலிருந்து மடியில் கொண்டுவந்தேன்.
ஆனையிறவில் பஸ் பழுதாகி நின்றது.
கஜரூபன் இறங்கி ஓடி
மீன் லொறி ஒன்றை மறித்து ஐஸ் வாங்கிவந்தான்.
பிளாஸ்க் முழுக்கப் பாரைமீன் வாசம்.
இரவு ஒன்பதரை, ஒரு நிமிடம் பிந்தக்கூடாது.
சின்ன ஊசிதான். ஆனால் அதுதான் கட்டளை:
எல்லாம் ஒரே நேரத்தில் பழுக்கட்டும்.
மாதத்துக்கு ஒன்றென்று
முப்பத்தொன்பது வயது வரை சிக்கனமாய் இருந்த உடம்பு.
இருபத்துமூன்று முட்டை என்றார்கள்.
பெருமை மாதிரி ஒன்று வந்தது, பொய் சொல்லமாட்டேன்.

டொக்டர் படம் கீறி விளங்கப்படுத்தினார்.
பழுத்த கூடுகள் ஏதோ ஒன்றைச் சுரக்கும்,
அது இரத்தக் குழாய்ச் சுவரை இளக்கும்,
நீர் கசிந்து வயிற்றில் தேங்கும்.
"கட்டுக்குள்ளாலை ஊறுது," என்றேன்.
"ஓம், கிட்டத்தட்ட."
அணைக்கட்டில் எறும்பளவு ஊற்றைக் கண்டாலும்
நடுச்சாமத்தில் மண்மூட்டையோடு ஓடுபவர்கள் நாங்கள்.
இதற்கு மூட்டை இல்லை.

நம்ப முடியாதது இனித்தான்.
வயிற்றில் வெள்ளம் கிடக்க
சிறுநீரகத்துக்கு அது தெரியாது.
அதன் வாய்க்காலுக்கு வந்து சேர்வது
தடித்த, மெலிந்த ஓட்டம் மட்டும்.
ஆகவே அது வரட்சி அறிவிக்கிறது.
ரெனின் போகிறது, அஞ்சியோதென்சின் எழும்புகிறது,
அல்டொஸ்தரோன் வந்து துருசுகளை இறுக்குகிறது:
உப்பும் போகவேண்டாம், ஒரு சொட்டும் போகவேண்டாம்.
பூட்டி வைத்த நீர்
அதே ஓட்டையால் அதே வயிற்றுக்கு.

எங்கள் அலுவலகத்திலும் ஒருமுறை நடந்தது.
குளம் வான் பாய்ந்துகொண்டிருந்தது,
வாய்க்காலின் வாலிலிருந்து கமக்காரர்
தண்ணீர் இல்லை என்று மனுக் கொடுத்தார்கள்.
இரண்டும் உண்மை. இரண்டு கோப்பு.

நாக்கு ஓலையாய்க் காய்கிறது.
மணிக்கு இருபது மில்லிலீற்றர், தேத்தண்ணி நிறத்தில்.
ஸ்கான் செய்த பெடியன் இடுப்படியில் நிறுத்தி
"இதென்ன உலோகம்?" என்றான்.
அது பழசு தம்பி. இந்தக் கணக்கில் சேராது.

ஊசி போட்டுப் பதினான்கு நாள்.
அதன் வீரியம் எப்போதோ அடங்கியிருக்கவேண்டும்.
முதற்கிழமை கொஞ்சம் வீங்கி, வற்றி,
நான் சோறும் தின்றேன்.
"பிறகு ஏன் ஏறுது?"
டொக்டர் பேசாமல் இரத்தச் சீட்டில்
இன்னொரு பெட்டிக்குப் புள்ளடி போட்டார்.

பின்னேரம் முடிவு வந்தது.
அதே ஊசியின் ஓமோன்.
வெளியே இருந்து அல்ல.
கடுகளவும் இல்லாத ஒன்று உள்ளே ஒட்டிக்கொண்டு
தானே காய்ச்சி ஊற்றத் தொடங்கியிருக்கிறது.

"இப்ப வாழ்த்துச் சொல்லமாட்டன்," என்றார்.
"அது வளர வளர நீர் இன்னும் ஏறும்."
கஜரூபன் வயிற்றைத் தொடப் பயந்து
என் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.
எனக்கு முதலில் வந்தது கோபம்.
வீடு மூழ்குவது தெரியாமல்
இன்னும் தண்ணி, இன்னும் தண்ணி என்கிற பிள்ளை.

இரவு ஊசிக்குழாய் போட்டு எடுத்தார்கள்.
வைக்கோல் ஊறிய நிறம்.
எவ்வளவு என்று கேட்டேன்.
இரண்டு லீற்றர் நானூறு. எழுதினேன்.

காலை ஆறு மணிக்கு நாடா வரும்.
பதினாறு வருஷத்தில்
ஒரு வாசிப்பையும் பொய்யாய் எழுதாதவள் நான்.
மூச்சை உள்ளே இழுத்துப் பிடிப்பேனா,
விடுவேனா,
இன்னும் தீர்மானிக்கவில்லை.