ஒன்பது நிமிடம், வர்ணனை இல்லை

முதல் ஷாட்டில் எதுவும் நடப்பதில்லை.
துறைமுகத் தூண் ஒன்று, அதன் இடுப்பில் ஈரக்கோடு,
கோட்டுக்குக் கீழே கொட்டலசுகள்.
நாற்பது விநாடி.
ஒரு விநாடிகூடக் குறைக்கமாட்டேன் என்றாள் நளாயினி.

வெல்ட் கீயில் மூன்று நாள் நின்றோம்.
அவளுக்குக் கேமரா, எனக்கு மைக்.
காற்றுக்காக மைக்குக்கு மாட்டிய மயிர்த்தொப்பியைத் தடவி
கடிக்குமா என்று கேட்டான் சீனப் பையன் ஒருவன்.
அந்தப் பக்கம் நின்ற சொகுசுக் கப்பலை எடுக்கவில்லை;
அது தன்னைத்தானே எடுத்துக்கொள்ளும் என்றாள்.

பட்டர்வொர்த்திலிருந்து வரும் பெரி
இரும்புப் பலகையை இறக்கும்போது
மோட்டார் சைக்கிள்கள் ஒரே மூச்சாய் இருமின.
பதிவு செய்தேன்.
நனைந்த கயிறு முறுக்கேறி முனகுவதை,
கட்டித் தொங்கவிட்ட பையில்
கோப்பி-ஓ கடைசியாய் உறிஞ்சப்படுவதை.

கயிறு பிடிக்கும் தர்மசீலன்
ஆரஞ்சு உடுப்பில் மூன்று முறை திரைக்குள் வருகிறார்.
இரண்டு முறை முதுகு.
மூன்றாம் முறை நேராய்ப் பார்த்து
"இதுல என்னம்மா படம் இருக்கு?" என்றார்.
உதடு அசைவதை வைத்துக்கொண்டாள்.
குரலை அழிக்கச் சொன்னாள்.
அழித்தேன்.

ஆர்மீனியன் ஸ்திரீட் மாடியில் திரையிடல்.
மடக்கு நாற்காலி பதினெட்டு, மின்விசிறி ஒன்று.
கடலின் ஞாபகம் என்றார் ஒருவர்.
இல்லை, காலத்தின் இழப்பு என்றார் இன்னொருவர்.
நளாயினி இரண்டுக்கும் தலையசைத்தாள்.
குளித்து, முழுக்கைச் சட்டை போட்டு,
கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த தர்மசீலன்
கையைத் தூக்கினார்.

"மூணாவது காட்சியில தண்ணி பெருகி நிக்குது.
அடுத்ததுல வத்திப்போச்சு.
நடுவுல ஆறு மணி நேரத்தைக் காணோமே?"

வெட்டிவிட்டோம் என்றாள்.

"நான் வீட்டுக்குப் போயித் தூங்கி
பசியாறிட்டு வந்த நேரம்மா அது."
எல்லாரும் சிரித்தார்கள். அவரும்.
அப்புறம் அடுத்த கேள்வி, மானியம் பற்றி.

இரவு கணினியில் தேடினேன்.
கேமரா அணைந்த பிறகும்
மைக் விழித்திருந்திருக்கிறது. நான்தான்
நிறுத்த மறந்து காரில் தூங்கிப்போயிருக்கிறேன்.
பதினோராவது நிமிடத்தில் ஒரு பைக் கிளம்புகிறது.
அவராக இருக்கலாம்.
பிறகு வெகுநேரம்
தண்ணீர் இறங்குவது மட்டும்.
இறங்கும் தண்ணீருக்குச் சத்தமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.
தூணில் கொட்டலசுகள்
ஒவ்வொன்றாய்க் காற்றுக்கு வந்து
வாயை மூடிக்கொள்கின்றன.
சிறு சொடுக்கு. இன்னொன்று.
ஹெட்போனுக்குள் விடியும்வரை,
அரிசி பொரிவதுபோல.

பெரி வரும் முன் அதே பைக், அதே இருமல்.
ஒரு கொட்டாவி.
யாரிடமோ "மழை வருமா?"

நளாயினியிடம் இன்னும் சொல்லவில்லை.
சொன்னால்
நாற்பது விநாடி எடுத்துக்கொள்வாள்.