இரண்டு டிகிரியில் வசந்தம்

ஐந்தரை மணி. பல்லரட் ஏரியில்
தண்ணீர் எது, புகை எது என்று பிரியவில்லை.
என் வேலை சின்னது:
கரையைச் சுற்றி ஐந்து கழிவறைகள்,
நகராட்சி கொடுத்த ஒரு சைக்கிள், ஒரு சாவிக்கொத்து.
விடிவதற்குள் எல்லாம் திறந்திருக்க வேண்டும்.

இரண்டாவது கழிவறை வாசலில்
எனக்கு முன்பே ஏழு பேர் வரிசையில்.
வெள்ளைச் சட்டை, மார்பில் குறுக்கே சிவப்பு ரிப்பன்,
முழங்காலுக்குக் கீழே
குனிந்து பார்த்தேன், சலங்கை.
ஆண் கால்கள், பெண் கால்கள், முட்டி மாற்றிய கால் ஒன்று.
குளிருக்கு அவர்கள் கால் மாற்றி நின்றபோது
ஒவ்வொரு நடுக்கமும் கிலுங்கியது.

"சீக்கிரம் திற நண்பா" என்றார் நெவில்.
"வசந்தத்தை எழுப்பப் போகிறோம்,
அதைவிட அவசரம் இது."

மே ஒன்று.
இங்கிலாந்தில் இன்று குன்றேறி ஆடுவார்களாம்,
பறவைகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு கூவுமாம்,
வேலியெல்லாம் வெள்ளைப் பூவாம்.
இங்கே எல்ம் மரங்கள் உதிர்ந்துகொண்டிருக்கின்றன.
பெயரிலேயே மே வைத்திருக்கும் முட்செடி
பூத்ததையெல்லாம் மறந்து
சிவந்த காயோடு நிற்கிறது.
குவெண்டா அதில்தான் ஒரு கிளை ஒடித்திருந்தாள்.
பூவுக்குச் சாமந்தி,
அன்னையர் தினத்துக்கு வந்திறங்கிய சரக்கு,
விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

நான் சிரிக்கவில்லை.
கூதிரில் நின்றுகொண்டு இளவேனில் என்பவர்களைப் பார்த்து
நான் எப்படிச் சிரிப்பது?
என் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டி
நாலாம் தேதி அக்கினி நட்சத்திரம் என்கிறது,
அதன் கீழேதான் ஹீட்டரைப் போட்டிருக்கிறேன்.
கார்த்திகை விளக்கேற்ற
இரவு ஒன்பது வரை இருட்டுக்குக் காத்திருக்கிறோம்.
தை பிறந்தால் நாற்பது டிகிரி, வெளியில் நெருப்புக்குத் தடை,
பொங்கல் கரண்ட் அடுப்பில் பொங்குகிறது.

பெயர் கேட்டார்கள். மேகவண்ணன் என்றேன்.
'மே' வரை பிடித்துக்கொண்டார்கள்,
மீதி பனியில் போயிற்று.

காலின் கான்செர்டினாவை விரித்தார்.
விரல் விறைத்து முதல் சுரம் விக்கியது.
நடுவில் ஓரிடத்தில் குக்கூ வைத்தார்,
மேலிருந்து கீழே இரண்டே சுரம்.
அந்தப் பறவை இந்த நாட்டில் கிடையாது.
கைக்குட்டைகள் மேலே போயின.
மூச்சும் வெள்ளை, துணியும் வெள்ளை,
ஆறு பேர் பன்னிரண்டாகத் தெரிந்தார்கள்.

அப்போது யூகலிப்டஸ் உச்சியில்
ஒரு மேக்பை தொண்டையைத் திறந்தது.
எப்படிச் சொல்ல.
குடத்துத் தண்ணீரில் புல்லாங்குழலை முக்கி ஊதினால்,
ஊதுகிறவனுக்குப் பாதியில் சிரிப்பு வந்தால்,
ஏறக்குறைய அது.
இன்னொன்று சேர்ந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் மூன்று.
காலின் நிறுத்தவில்லை,
விரல்கள்தான் நின்றுவிட்டன.
ஆடியவர்கள் அந்தச் சுற்றை
வெறும் சலங்கையில் முடித்தார்கள்.
என் கையில் சாவிக்கொத்து
எப்போது ஆடத் தொடங்கியது, தெரியாது.

"வந்துவிட்டதா?" என்று கேட்டேன்.
"எது?"
"வசந்தம்."
நெவில் மூச்சு வாங்கியபடி தெர்மாஸைத் திருகினார்.
"அங்கே ஏதாவது ஒரு வேலிக்கு வந்திருக்கும்.
நாங்கள் இந்த முனையிலிருந்து தள்ளிவிடுகிறோம்,
அவ்வளவுதான்."

மூன்றாவது கழிவறை அன்று
பன்னிரண்டு நிமிடம் தாமதம்.
புகார் வந்தது. பதில் எழுதினேன்:
பூட்டு உறைந்திருந்தது.

ஆகஸ்ட் கடைசி.
அதே மரத்தில் சுள்ளிக்கூடு.
கம்பித் துண்டுக்கும் வைக்கோலுக்கும் நடுவே
சிவப்பு ரிப்பன் தொங்குகிறது,
நுனியில் நாக்கில்லாத ஒற்றை மணி.
அண்ணாந்து நின்றேன்.
கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒன்று
என் நெற்றியைக் குறிவைத்துப் புறப்பட்டது.
வசந்தம்தான், சந்தேகமே இல்லை.
ஹெல்மெட் சைக்கிள் கைப்பிடியில்,
நாற்பதடி தள்ளி.