மழைக் கணக்கு

டேட்டன் நகரத்தின் ஓரம், ஜன்னல் இல்லாத அறை.
ஒருபுறம் பல் வைத்தியர், மறுபுறம் வரி ஆலோசகர்,
நடுவில் நாங்கள்,
பழைய பேஸ்பால் அட்டைகளுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள்.
பத்து வாங்கினால் வீடு வாங்கலாம்.
ஒன்று வாங்கினால்
ஆடும் மேசைக்காலுக்கு முட்டுக் கொடுக்கலாம்.

இன்று காலை வந்தவர் க்ளீட்டஸ் வார்னடோ.
வருடம் ஐம்பத்துமூன்று.
மட்டை தோளில், பின்னால் யாரோ தீட்டிய மஞ்சள் வானம்.
இத்தனை மஞ்சளாய் ஒஹாயோவில் வானம் இருந்ததே இல்லை.
நான்கு மூலையும் ஊசி முனை.
லென்ஸுக்கு அடியில் ஒரு கீறல் கிடையாது.
எதிர் மேசை ப்ரெண்ட் ஹாஸ்லர் எழுந்து வந்து
மூச்சு படாமல் குனிந்து பார்த்தான்.
"திருப்பு" என்றான்.

திருப்பினேன்.

ஹோம் ரன் முப்பத்தொன்று என்கிறது அச்சு.
அதன் குறுக்கே பென்சில் கோடு.
பக்கத்தில் கோணலாக, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதிய கையில்
முப்பத்திரண்டு.
அதற்கும் கீழே, எறும்பளவில்:
மழை. நான் பார்த்தேன்.

ப்ரெண்ட் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுக்
காபி எடுக்கப் போனான்.

நான்காம் இன்னிங்ஸில் மழை கொட்டி ஆட்டம் நின்றால்
அது ஆடாத ஆட்டம்.
அடித்த அடி, ஓடிய ஓட்டம்,
எதுவும் ஏட்டில் ஏறாது.
நனைந்த டிக்கெட்டுக்கு வேறொரு நாளைக்கு டிக்கெட் தருவார்கள்.
அந்தப் பிள்ளைக்கும் தந்திருப்பார்கள்.
வாங்கிக்கொண்டிருக்கும்.
ஒத்துக்கொள்ளத்தான் இல்லை.

அட்டையோடு வந்த படிவத்தில், கடைசிக் கட்டத்தில்,
இன்றைய உரிமையாளரின் கையெழுத்து:
மதிப்பெண் குறைந்தால் மூடி ஒட்டாமல் திருப்பி அனுப்பவும்.
பென்சில்தானே, ரப்பருக்குப் போய்விடும்.

போகும்.
எழுபது வருடம் போகாதது
இரண்டு நிமிடத்தில் போகும்,
பிசிறு பிசிறாய், யாரோ ஊதிவிட.

விதிப்படி ஒன்று போட்டேன்.
அட்டையைப் பிளாஸ்டிக் பாதிகளுக்கு நடுவே படுக்கவைத்து
நெம்புகோலை இறக்கினேன்.
இயந்திரம் சிணுங்கி ஒட்டியது.
இனி சுத்தியல் எடுத்தால்தான் திறக்கும்.
எடுப்பார், கோபத்தில். எடுக்காமலும் போகலாம்.
அந்தக் கட்டத்தை நான் பார்க்கவில்லை.
யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வேன்.

ப்ரெண்ட் இரண்டு கோப்பையோடு வந்தான்.
"எவ்வளவு போட்டாய்?"

"முப்பத்திரண்டு" என்றேன்.