அக்டோபர் இரண்டு

இன்று ஊரில் எல்லாக் கடையும் மூடல்.
அதனால்தான் சவரி வீட்டில் இருக்கிறான்.
மற்ற நாளில் இந்நேரம்
அண்ணா சாலை ஓட்டலில்
கறுப்புச் சட்டையும் ஏப்ரனுமாய்
பேர் வாயில் நுழையாத எதையோ
யாருக்கோ கலக்கக் கிளம்பியிருப்பான்.

"உக்காரு லீதியா. உனுக்கு ஒண்ணு போட்டுத் தரேன்."

நாகூரான் தோட்டத்தில், மூன்றாவது மாடியில்,
பகல் பதினொரு மணிக்கு,
ஒரு பொம்பளைக்கு.
கதவைச் சாத்தினேன்.
புழுக்கம் தாங்காமல்
பாதி திறந்தேன்.

கல்மண்டபத்தில் வாங்கிய எலுமிச்சை நாலு.
சாத்துக்குடி ஒன்று, காம்புப் பக்கம் இன்னும் பச்சை.
புதினா ஒரு கட்டு, அதில் பாதி
நேற்றே துவையலாகிவிட்டது.
வெளி வராந்தாவில்
மீன் வந்த தெர்மாகோல் பெட்டியில் நான் வளர்க்கும்
திருநீற்றுப் பச்சிலையில்
என்னைக் கேட்காமல் நாலு கொழுந்து கிள்ளினான்.
ஓட்டலில் அதற்கு வேறு பேராம்.
விமானத்தில் வருமாம்.
நான் அரிசி களைந்த தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

புதினாவை நசுக்கக் கூடாதாம்.
உள்ளங்கையில் வைத்து ஒரே தட்டு,
கொசு அடிக்கிற மாதிரி.
"நசுக்குனா கசக்கும். தட்டுனா வாசம் வுடும்."

ஃப்ரீசரில் ஐஸ், இறால் பைக்கு அடியில்.
மோந்து பார்த்து முகம் சுளித்தான்.
காசிமேட்டில் ஐஸ் எதற்கென்று இவனுக்குத் தெரியாதா?
கழுவி, துண்டில் சுருட்டி,
சப்பாத்திக் கட்டையால் அடித்தான்.
கீழ்வீட்டு அமுலு குரல் விட்டாள்:
"இன்னாக்கா, ரிப்பேரா?"
"ஆமா, ரிப்பேருதான்."

குலுக்க என் சாப்பாட்டுத் தூக்கு.
மூடி இறுக்கம்தான். இருந்தாலும்
தோளுக்கு மேல் தூக்கி அவன் குலுக்கியபோது
நேற்றைய காரக்குழம்பு நினைவுக்கு வந்தது எனக்கு.
தூக்கின் வெளியே பனி பூத்தது.
கை மரத்தால் போதுமாம், அதுதான் கணக்காம்.

பிழிந்த மூடிகளை ஓரமாய் எடுத்து வைத்தேன்.
இந்த வீட்டில் எலுமிச்சை மூடி கைக்கு.
கொட்டகையில் எட்டு மணி நேரம் இறால் உரித்த கை.
உப்புப் போட்டுத் தேய்த்தால்
நகக்கண்ணில் மட்டும் மிச்சமிருக்கும்.
அதிலிருந்து ஒன்றைத் திருடி
தோலைச் சீவி, டம்ளருக்கு மேல் முறுக்கினான்.
"மொதல்ல மூக்குதான் குடிக்கும்."
எனக்குச் சொல்கிறான்.

எங்கள் கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி டம்ளர் ஆறில்
உடையாமல் இருக்கும் இரண்டு.
கோலி சோடா உடைத்து மேலே ஊற்றினான்.

புளித்தது. பிறகு இனித்தது.
பச்சிலை கடைசியில், தொண்டைக்குள் போய் எழுந்தது.

"சரக்கு எங்க?"
"ஊத்தல. அது இல்லாம நிக்குதான்னு பாரு மொதல்ல."

என் அப்பா இந்த நாளுக்கு
முந்தின சாயங்காலமே இரண்டு குவார்ட்டர் வாங்கி
அரிசி டப்பாவில் புதைத்து வைப்பார்.
சோற்றில் அது வீசுவதாக அம்மா சத்தியம் செய்வாள்.
நாங்கள் மோந்து மோந்து தின்போம்.
ஐஸ் இல்லை, சோடா இல்லை.
ஒரு நாளும் அவர் உட்கார்ந்து குடித்ததில்லை.

சவரி நாக்கு நுனியில் பார்த்துத் துப்புகிறவன்.
அதற்காகவே கட்டிக்கொண்டேன்.
இப்போது பையிலிருந்து
விரல் நீளத்தில் ஒரு சீசா, வெள்ளை ரம்,
யாரோ மேஜையில் விட்டுப்போனது,
அடுப்புப் பக்கத்தில் வைத்தான்.
"வேணும்னா. இல்லன்னா ஜன்னல் தொடைக்க ஆவும்."

எண்ணூர் பக்கம் போகிற கண்டெய்னர் லாரிக்கு
டம்ளர் இரண்டும் லேசாய் நடுங்கின.

நானே திறந்தேன்.
ஒரு மூடி அளந்து நானே ஊற்றினேன்.
கரண்டிக் காம்பால் கலக்கி
உட்கார்ந்து குடித்தேன்.

இருந்தது அது.
எலுமிச்சைக்குப் பின்னால்,
கதவுக்குப் பின்னால் மூச்சடக்கி நிற்கிற ஆள் மாதிரி.
முன்னே வரவில்லை.

"எப்டி?"
"உப்பு பத்தல."
ஒரு சிட்டிகை போட்டான்.

கீழேயிருந்து மறுபடி அமுலு:
"ரிப்பேர் முடிஞ்சிதாக்கா?"

மீதி மூடியை விரலில் தேய்த்தபடி
மாடிப்படி வரைக்கும் போய்
"மேல வாடி" என்றேன்.